லைனில் ஒரு இரைச்சல்

அமெரிக்காவில் ஒரு டாக்டர் மூக்கடைப்போடு பேசினால்தான் கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்குச் சோறு. வேலை அப்படி. அங்கே அவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் எங்கே வலி, என்ன மருந்து என்று ஒரு கருவியில் பேசி வைப்பார். அந்தப் பேச்சு ஃபைலாகி, கலூரில் இருந்த ஒரு கம்பெனி வழியாக என் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து இறங்கும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் ஒரு பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்புவேன். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று அதற்குப் பெயர். எங்கள் சந்துக்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால் நான் 'டாக்டர்மாருக்கு எழுதிக்கொடுக்கிற பெண்ணு' ஆகிவிட்டேன். மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டி, "இதெந்தா மோளே எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். எனக்கும் புரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஆரம்பத்தில் ஒரு குழந்தைக்குக் கேன்சர் என்று காதில் விழுந்தால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். போகப்போக, கேன்சருக்கும் கால் ஆணிக்கும் ஸ்பெல்லிங் மட்டும்தான் வித்தியாசம் என்று ஆகிவிட்டது. வேலையால் வந்த மரப்பு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்த அப்பா செத்தபோது பாதி மரத்தது. அண்ணன் வீட்டைவிட்டுப் போனபோது மீதியும் மரத்துப்போனது. இரண்டு தடவையும் எனக்கு அழுகை வரவில்லை. வராததை நினைத்து வருத்தமும் வரவில்லை.

அண்ணன் தோப்பும்படியில் படகு என்ஜின் ரிப்பேர் செய்யும் பட்டறையில் இருந்தான். ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்து எத்தனையோ காலமாகியும் வாயில் பாதி தென்காசி, பாதி மட்டாஞ்சேரி. கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். "அவளைக் கெட்டினா இனி என்னை அம்மான்னு விளிக்காதே" என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் போன் பண்ணுவதற்கும் ஒரே சொல்தான், விளிப்பது. அவன் அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மஸ்கட்டில் இருக்கிறான் என்று பட்டறைக்காரர் சொன்னார். அவளோடா, தனியாகவா என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை போன் பண்ணினான். அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். சாப்பிட்டியா, வேலை எப்படி, மழை உண்டா, அவ்வளவுதான் பேச்சு. வாய் தவறிக்கூட அவன் அம்மா என்று சொல்லவில்லை. சொல்லாதே என்றதைச் சொல்லாமல் பேசி முடித்தான், படுபாவி. கடைசியில், "செரி, விளிக்காம்" என்று வைத்துவிட்டான். பிறகு கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். ஆனால் இங்கே மீன்காரி முதல் பேங்க் மேனேஜர் வரை போனை வைக்கும்போது எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம், "விளிக்கேன்னு சொல்லியிருக்கான்" என்பாள். "அது சும்மா சொல்லுததும்மா" என்று ஒருநாள் நான் சொல்லப்போய், "போட்டி அங்குட்டு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பின்னறைக்கு இன்னொரு போன் வந்தது. அடுக்களையில் இருக்கும்போது மணி அடித்தால் முன்னறைக்கு ஓடி வருவதற்குள் நின்றுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். டிவி ரிப்பேர் செய்யும் சேட்டன் ஒருவர், போன் வயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே ஒரு கிளை எடுத்து, அலமாரிக்குப் பின்னால் ஓட்டி, பின்னறையில் ஒரு பழைய போனை மாட்டிக்கொடுத்தார். பாரலல் போன். எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லாமல் செய்தது. அதனால் லைன்மேன் வருகிறார் என்றால் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் சாக்கை இழுத்து விட்டுவிடுவோம். பிடித்தால் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கார்ப்பரேஷன் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பம், காக்கிச் சட்டையைக் கண்டாலே எதையாவது ஒளித்துவைப்பது பழக்கம்.

அந்த நாட்களில் நெட் என்றால் டயலப். போன் லைனிலேயே டயல் செய்து உள்ளே போக வேண்டும். நெட் ஓடுகிற நேரமெல்லாம் லைன் என்கேஜ்டு. யார் கூப்பிட்டாலும் கிடைக்காது. நடுவில் அம்மா பின்னறையில் ரிசீவரை எடுத்துவிட்டால் காதில் கீச்கீச்சென்று அலறும். பாதி இறங்கிய ஃபைல் அறுந்துபோகும். "யாரு போனை எடுத்தது?" என்று நான் இங்கிருந்து கத்துவேன். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

பிறகு பிராட்பேண்டு வந்தது. பெரிய நிம்மதி. மோடம் என்று ஒரு பெட்டி, அதில் வரிசையாகப் பச்சை விளக்குகள். ஃபைல் பொலபொலவென்று இறங்கியது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். மழை தொடங்கியதும் வேகம் குறைந்தது. ஒரு ஃபைல் நன்றாக இறங்கிக்கொண்டே வரும், திடீரென்று நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து. எருமை மாடு சேற்றிலிருந்து எழுந்துவருகிற வேகம். கலூர் கம்பெனியில் ஃபைல்களைப் பிரித்துக்கொடுக்கும் சேச்சி என் மொபைலில் கூப்பிட்டு, "மோளே, இந்நும் லேட்டா? இனி இங்ஙனெயாணெங்கில் வேறே ஆளுக்குக் கொடுக்கேண்டி வரும்" என்றார். நல்ல மனுஷிதான். சொன்னால் செய்துவிடுவார். வேலை போய்விடும் என்று எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ எரிச்சல்.

நானும் விடவில்லை. வைரஸ் இருக்கும் என்றார்கள், ஸ்கேன் போட்டேன். கம்ப்யூட்டரை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றச் சொன்னார்கள், அதையும் செய்தேன். மோடத்தை ஜன்னலோரம் வைத்தேன், ஜன்னலிலிருந்து எடுத்து மேஜைக்கு மாற்றினேன், அதற்கு ஃபேன் காற்று படும்படி திருப்பி வைத்தேன். எனக்கில்லாத காற்று. கம்ப்ளெயிண்ட் நம்பருக்குக் கூப்பிட்டால், "மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்பார்கள். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகும். அவர்களுக்கு நன்றி சொல்லி வைத்த கையோடு மறுபடியும் படுத்துவிடும். போய்த் தொலை என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவேன். அதற்கும் சில நேரம் சரியாகும்.

லைன்மேன் வந்தார். வருவதற்கு முன்னால் வழக்கம்போலப் பின்னறைப் போன் கட்டிலுக்கு அடியில் போனது. அவர் சோதித்துப் பார்த்தார். ஃபைல் ஓடை மாதிரி ஓடியது. "இவிடெ குழப்பம் ஒந்நும் இல்லல்லோ" என்றார். நான் பொய் சொல்கிறேனோ என்கிற மாதிரி ஒரு பார்வை. அவர் தலை மறைந்து, நாங்கள் போனை எடுத்துத் திரும்ப மாட்டிய மறுநாள் பழைய கதை. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் ஒளித்தோம், மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை வெறுங்கையோடு போக அவருக்கும் மனசில்லை. வாசலில் நின்று வயரைப் பார்த்து, "உப்புக்காத்தாணு. பழய வயர். புதியது வலிக்கணும்" என்றார். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. புது வயர் இழுக்க வேண்டும் என்கிறார். அம்மா உள்ளேயிருந்து, "வயிறு வலிக்குன்னா ஓமத்தண்ணி குடிக்கச் சொல்லு" என்றாள். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்போல, சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா ஜோக்கடித்துப் பல காலமாகியிருந்தது என்பதை மட்டும் கவனித்தேன்.

புது வயரும் வந்தது. மட்டாஞ்சேரி ஈரத்திலும் பளபளவென்று கறுப்பாகத் தொங்கியது. நெட் மட்டும் அதே எருமை.

ஒரு மத்தியானம் ஃபைல் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தேன். மழை விட்டிருந்தது. மசாலாக் கிடங்குப் பக்கமிருந்து சுக்கு வாசனை. பக்கத்தில் இருந்த முன்னறைப் போன், "ணிங்" என்று மெல்லியதாக ஒரு சத்தம் போட்டது. மணி அடிப்பதில்லை, ஒரு தும்மல் அளவு. மோடத்தில் ஒரு விளக்கு சிமிட்டத் தொடங்கியது, ஃபைல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ணிங். பிறகு விளக்கு மெதுவாக நிலைக்கு வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டே இருக்கிற எனக்கு இத்தனை நாளாக அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. பாரலல் போனில் ஒன்றை எடுத்தாலும் வைத்தாலும் மற்றது இப்படி முனகும் என்பது வீட்டில் போன் வைத்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லையா? தெரியும். யோசிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒளித்து ஒளித்து, அப்படி ஒரு போன் இருப்பதையே மறந்துவிட்டேன் போலும்.

அடுத்த ணிங் கேட்டபோது எழுந்து பின்னறைக்குப் போனேன். அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ரிசீவர் காதில். பேசவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டம்மா பேசுத?"

அம்மா திடுக்கிட்டு ரிசீவரை வைத்தாள். "ஒருத்தருமில்ல. உயிர் இருக்கான்னு பாத்தேன்."

"எதுக்கு?"

"போனுக்குத்தான். மழைக்காலம்லா. செத்துக்கித்துப் போயிருந்தா?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாப்ப?"

"பாக்கும்போது பாப்பேன். இதென்ன, போலீஸ் ஸ்டேஷனா?"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "உன்னாலதாம்மா நான் இத்தனை நாளா நாய் படாத பாடு படுதேன். நீ எடுக்கும்போதெல்லாம் அங்க நெட்டு நிக்குது. என் வேலை போகப்போகுது, தெரியுமா?" என்று கத்தினேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள், அன்றைக்கு முந்தானையால் ரிசீவரைத் துடைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அவன் கூப்பிடும்போது லைன் செத்துக் கிடக்கக் கூடாது என்று பார்க்கிறாள், அதுதான் விஷயம் என்று எடுத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். நியாயமாகச் சொன்னால், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட திருப்திதான் இருந்தது.

தோப்பும்படியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய்க் கேட்டேன். லைனில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரு ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் போனும் நெட்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்றார்கள். முன்னறைப் போனுக்கு பிராட்பேண்டு வந்த அன்றைக்கே மாட்டியிருந்தார்கள். பின்னறையில் ஒன்று இருப்பதை நாங்கள் சொன்னால்தானே? தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் வயர், மறுபக்கம் போன், அவ்வளவுதான் வேலை.

மறுநாள் காலையில் மாட்டினேன். முன்னறைக்குப் போய், சேச்சி அனுப்பிவைத்திருந்த ஃபைல்களை எல்லாம் ஒன்றாக இறங்கப் போட்டேன். திரும்பி வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். முந்தின நாள் கத்தியதற்கு ஈடாக நல்லவிதமாகவே சொன்னேன். "இந்தா, இனி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துப் பாரு. நெட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். நெற்றி சுருங்கியது. வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள்.

"சத்தத்தைக் காணோம்?"

"டோன் வருதே?"

"அதில்லட்டி. அந்த இரைச்சல். ஸ்ஸ்ஸ்னு ஒண்ணு கேக்கும்லா."

"ஓ, அதுவா? அது நெட்டோட இரைச்சல். இந்தப் பெட்டி அதை நிறுத்திரும். இனிப் போன் சுத்தமாக் கேக்கும்."

"அப்ப நீ இப்ப நெட்டு போடலியா?"

"போட்டிருக்கேனே. அங்க ஓடிக்கிட்டு இருக்கு."

"நெட்டு ஓடும்போது போன் வருமா?"

"வரும்மா. இது பழைய நெட்டு மாதிரி இல்ல. புதுசு போட்ட நாள்லேர்ந்தே வரும். காலையில, மத்தியானம், எப்ப வேணும்னாலும் வரும். ஒரு நேரமும் என்கேஜ்டா இருக்காது" என்றேன். என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அம்மா ரிசீவரை வைக்கவில்லை. காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ரிசீவருக்குள் டோன் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னம்மா?"

"முந்தி நீ நெட்டு போட்டா கீச்கீச்சுன்னு கேக்கும். இதுல ஸ்ஸ்ஸுன்னு கேட்டுது. புதுசுக்குச் சத்தம் கொறச்சல் போலன்னு நெனச்சேன். அது கேக்கும்போதெல்லாம், செரி, அவ லைனைப் பிடிச்சுவச்சிருக்கா, அவன் விளிச்சாலும் கிடைக்காதுன்னு வச்சுட்டுப் போயி என் சோலியைப் பாப்பேன்."

"உயிர் இருக்கான்னு பாத்தேன்னு சொன்ன?"

"நீ வந்து நின்னு கேட்டா நான் வேற என்ன சொல்லுவேன்?"

எங்களுக்கு லேண்ட்லைனில் போன் வருவதே அபூர்வம். கம்பெனி என் மொபைலில்தான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து சித்தி கூப்பிடுவாள், அன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு லீவு. நெட் ஓடும்போதும் மணி அடிக்கும் என்பது அம்மாவுக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை. நான் காலையிலிருந்து இரவு வரை லைனைப் பிடித்துவைத்திருக்கிறேன் என்று நம்பி, அந்த நம்பிக்கை தளரும்போதெல்லாம் ரிசீவரை எடுத்து இரைச்சலைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறான், மகள் வேலை செய்வதால் கிடைக்கவில்லை. அப்படித்தான் அவளுக்குள் இருந்திருக்கிறது.

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அண்ணனுக்கு நம்பர் மாறினது தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். நடுவில் ஒரு சமயம் எல்லா லேண்ட்லைன் நம்பருக்கும் முன்னால் ஒரு இரண்டு சேர்த்திருந்தார்கள். பழைய நம்பரைப் போட்டால் கிடைக்காது.

"அவன் விளிச்சது ரெண்டு சேத்த பொறவுதான்ட்டி" என்றாள் அம்மா.

ரிசீவரை எடுத்துப் போனில் வைத்தாள். சரியாக உட்காராததால் இன்னொரு தடவை எடுத்து வைத்தாள்.

"நான் அந்தப் பெட்டியைக் கழட்டிரட்டுமா?" என்று கேட்டேன். நெட் நிற்கும், ஃபைல் அறும், வேலை போகும். அதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

"கழட்டி? இனி அந்தச் சத்தம் கேட்டா, அது வெறும் சத்தம்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாதி உரித்த கப்பைக்கிழங்கு அங்கே கிடந்தது. நான் முன்னறைக்கு வந்தேன். மோடத்தில் விளக்குகள் ஒன்றுகூட அசையாமல் பச்சையாக எரிந்தன. காலையில் போட்ட ஃபைல்கள் அத்தனையும் இறங்கி முடிந்து திரையில் வரிசையாக நின்றன.